பச்சையும் நீலமும்

அவர் செய்த வேலை எதுவும் எங்கும் நிற்கவில்லை. ஒரு மண்டபம் காலியாகக் கிடக்கும். இவர் போய் அதில் கேபிள் இழுப்பார். ஆயிரக்கணக்கான பேர் வந்து உட்கார்ந்து, கையில் இருக்கும் போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டே யாரோ பேசுவதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் போன கையோடு இவரே எல்லாவற்றையும் பிடுங்கிச் சுருட்டிப் பெட்டியில் போடுவார். மண்டபம் மறுபடி காலி. கொத்தனார் ஒரு சுவரைக் காட்டி இது என்னுடையது என்று சொல்லலாம். இவரால் எதையும் காட்ட முடியாது. அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது மகள், "மாட்டுவார், அப்புறம் கழட்டுவார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இதைவிடச் சுருக்கமாகத் தன்னாலும் சொல்லியிருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது.

ஆட்கள் அவரை எட்டுக்கால் என்று கூப்பிட்டார்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பி. வேலை, வலை பின்னுவது. பாதி நேரம் விட்டத்தில் தொங்குவது. இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பேர் வைத்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. மாநாடுகளுக்குத் தற்காலிக நெட்வொர்க் போட்டுத் தரும் தொழில் அவனுடையது. ஒலிபெருக்கிக் கடையில் எடுபிடியாக இருந்தவன், கூட்டத்துக்கு வருகிறவர்கள் மைக்கைவிட வைஃபையைத்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பதை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுகொண்டான். தொழில் தொடங்கியபோது முதலில் வந்து கூப்பிட்டது அக்கா புருஷனைத்தான். அவர் அதற்கு முன் தொலைபேசிக் கம்பிகளுக்கு முடிச்சுப் போடும் வேலையில் இருந்தார். அந்தப் பிரிவை மூடிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாது மாப்ளே."

"யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும் தெரியுமா? நீங்க கம்பியக் கட்டுங்க மாமா. உள்ள என்ன ஓடுதுன்னு அது பாத்துக்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

மூன்றாவது ஆளாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி கிடைக்க ஏற்பாடு செய்வது அவள் வேலை. முகவரியம்மா என்று அவளுக்கும் பேர் வைத்தாகிவிட்டது. போனவனுடைய முகவரியை அவள் கொஞ்ச நேரத்திலேயே பிடுங்கி வந்தவனுக்குக் கொடுத்துவிடுவாள். "உன்னை மாதிரி வீட்டுக்காரிகிட்ட குடித்தனம் இருந்தா, பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள சாமான் தெருவுல கிடக்கும்" என்பான் மச்சினன்.

ஒரு மாநாட்டுக்கு வாரக்கணக்கில் முன்பே வேலை தொடங்கிவிடும். மூவரும் போய் மண்டபத்தைப் பார்ப்பார்கள். மச்சினன் நாற்காலிகளை எண்ணுவான். முகவரியம்மா தூண்களைப் பார்ப்பாள். எட்டுக்கால் தரையையும் கூரையையும் பார்ப்பார். காலி மண்டபத்தில் அலை நன்றாகத்தான் ஓடும். ஆள் நிறைந்ததும் செத்துப்போகும். மனித உடம்பு தண்ணீர் மூட்டை, அலையைக் குடித்துவிடும். அதனால் வைஃபைப் பெட்டிகளை நெருக்க நெருக்கமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேபிள். எந்த மண்டபத்தின் நீளமும் கடையில் விற்கும் கேபிளின் நீளத்தோடு ஒத்துப்போனதில்லை. அங்கேயே அளந்து, வெட்டி, இரண்டு முனைகளிலும் பிளக் அடிக்க வேண்டும். பிளக் அடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று மச்சினன் புது வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லுவான். அவர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். காதில் மட்டும் விழும்படி நிற்பார்.

உடம்பில் சர்க்கரை வந்தது. பிறகு கண்ணுக்குப் போனது. கண் மருத்துவர் இருட்டறையில் வெகுநேரம் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டார்.

"கண்ணுக்குள்ள பின்னாடி இருக்கற திரை கெட்டுட்டு வருது. இருக்கறதக் காப்பாத்தலாம். போனது வராது."

"எனக்கு எல்லாம் தெரியுதே டாக்டர்."

"தெரியும். கலர் எப்படி? நீலம், பச்சை?"

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். மருத்துவரும் திரும்பக் கேட்காமல் எழுத ஆரம்பித்தார்.

வீட்டில் சொட்டு மருந்து என்று மட்டும் சொன்னார். மனைவி தையல் வேலை செய்பவள். ஒரு நாள் அவசரமாக ஒரு நூல்கண்டு வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்து கொடுத்தார்.

"இது என்ன?"

"நூல்."

"என்ன கலர்?"

அவர் நூலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னதுதான்."

"நான் பச்சை சொன்னேன். இது நீலம்."

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்."

"கடைக்காரனுக்கும் உங்க கண்ணுதானா?" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. மிதிப்பதை நிறுத்திவிட்டு மெஷினிலிருந்து எழுந்து வந்தாள்.

"எத்தனை நாளா?"

அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"தம்பிகிட்ட நான் பேசறேன். உக்காந்து பாக்கற வேலையா ஏதாவது குடுப்பான்."

"உக்காந்து பாக்கறதுக்கு மட்டும் கண்ணு வேண்டாமா?"

"அதுக்காக?"

"நீ அவன்கிட்ட வாயத் தொறந்தா அதோட நான் ஆளே இல்ல. ஏணிக்காரனுக்கு முட்டி போனப்ப என்ன ஆச்சு? நல்லபடியாத்தான் பேசினான் உன் தம்பி. மறுநாள் ஏணியில வேற ஆள் நின்னான்."

"அவன் வெளியாள்."

"நானும் வேலைக்குப் போற ஆள்தான்."

அவள் தம்பியிடம் சொல்லவில்லை. தம்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் அவள் அவனிடம் அதிகம் பேசாமல் இருந்தாள். "அக்காவுக்கு என்ன மாமா கோபம்?" என்று அவன் கேட்டான். "உன் மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் கோபம் வராது" என்றார்.

கண்ணை ஏமாற்ற அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கேபிளுக்குள் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கிக் கிடக்கும். ஒவ்வொரு நிறத்தோடும் அதன் வெள்ளை. வெள்ளைக் கம்பிகளில் மெல்லிய வண்ணக் கோடு ஓடும். வெள்ளையின் மேல் இருப்பதால் அந்தக் கோடு அவருக்குக் கொஞ்சம் பிடிபட்டது. முழு நீலமும் முழுப் பச்சையும்தான் ஒன்றாகிவிட்டிருந்தன. எனவே முறுக்கைப் பிரிக்கும்போது ஒரு ஜோடியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு அடுத்த ஜோடியைப் பிரித்தார். எந்தக் கம்பி எந்த வெள்ளையோடு பிறந்தது என்பதை விரல் நினைவில் வைத்துக்கொண்டது. முன்பு எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் பிரித்து, கட்டைவிரலால் நீவி, கண் இமைக்கும் நேரத்தில் அடுக்கிவிடுவார். இப்போது நேரம் பிடித்தது.

"என்ன மாமா, நகையா செய்யறீங்க?" என்றான் மச்சினன்.

"அவசரம்னா நீ வந்து அடி."

"நான் அடிச்சா எட்டுக் கம்பிக்கும் எட்டு வீடு தேடணும்."

இப்படியே சில மண்டபங்கள் கடந்துவிட்டன.

பிறகு காது கேளாதவர்களின் மாநாடு வந்தது. பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சைகை மொழி இல்லை. நாட்டுக்கு நாடு வேறு. மேடையில் ஒருவர் கையால் பேச, பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதை உடனுக்குடன் எழுத்தாகத் தட்டுவார்கள். எழுத்து மேடையின் இரு பக்கத் திரைகளிலும், ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் போனிலும் அவரவர் மொழியில் ஓடும்.

"மத்த எடத்துல நெட் போச்சுன்னா மெயில் போகலன்னு கத்துவாங்க" என்று மச்சினன் ஆட்களிடம் சொன்னான். "இங்க நெட் போச்சுன்னா பேச்சே போயிடும். யாரும் கத்தவும் மாட்டாங்க. அதனால நாமதான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாக்கணும்."

கண் என்ற சொல் வந்ததும் எட்டுக்கால் குனிந்து பையைத் திறந்தார்.

மண்டபம் தாமதமாகக் கைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த கண்காட்சியின் ஆட்கள் தட்டிகளைப் பிரித்து முடிக்கவில்லை. மத்தியானம் முழுக்க மச்சினன் வாசலில் நின்று அவர்களோடு சண்டை போட்டான். உள்ளே விட்டபோது நாற்காலி போடுகிறவர்களும் கூடவே நுழைந்தார்கள். கேபிள் இழுத்து முடிக்காத இடத்திலெல்லாம் நாற்காலி வந்து உட்கார்ந்தது.

"மாமா, இன்னைக்கு நகை வேலை வேண்டாம். தட்டி விடுங்க."

அவர் மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். மேலே மஞ்சள் விளக்கு. முதல் சில முனைகளை விரலிடுக்கில் பிடித்துத்தான் செய்தார். பிறகு ஒருவன் வந்து நின்றான், இன்னொருவன் வந்து நின்றான், பெட்டி தயார், கேபிள் எங்கே என்றான். கை பழையபடி போய்விட்டது. ஒரே இழுப்பு, கட்டைவிரலால் ஒரு நீவல், அடுக்கு, வெட்டு, அடி. ரொம்ப நாளைக்குப் பிறகு வேகமாகச் செய்ததில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எட்டுக்காலா கொக்கா என்று பெட்டிக்காரன் சொன்னான்.

ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டரில் மாட்டிப் பார்த்தார். சின்னக் கருவி. ஒரு முனையில் ஒரு பெட்டி, மறுமுனையில் இன்னொன்று. விளக்குகள் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிந்தால் கேபிள் சரி. அன்று வழக்கத்தைவிட நிறையக் கேபிள்களில் வரிசை தப்பியது. நாலு எரிய வேண்டிய இடத்தில் ஆறு எரிந்தது. வெட்டிவிட்டு மறுபடி அடித்தார். வரிசை வந்தது. பிளக் மட்டமான சரக்கு என்று நினைத்துக்கொண்டார். சரி என்று டெஸ்டர் சொன்னதில் டேப் ஒட்டி அனுப்பினார். நினைத்ததைவிட முன்னதாகவே எல்லாம் முடிந்தது. முகவரியம்மா காலி மண்டபத்தில் போனைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு, "ஜோரா இருக்குண்ணே" என்றாள்.

காலையில் கூட்டம் வந்தது. பிரதிநிதிகள் கழுத்தில் பச்சை நாடா, வேலை செய்கிறவர்கள் கழுத்தில் நீல நாடா என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு எல்லாம் ஒரே நாடாவாகத்தான் தெரிந்தது. அத்தனை பேர் நிறைந்த மண்டபத்தில் சத்தம் இல்லாததை அவர் அதுவரை பார்த்ததில்லை. நாற்காலி நகரும் ஓசை, செருப்பு ஓசை, அவ்வளவுதான். ஆனால் எங்கு பார்த்தாலும் பேச்சு. ஒரு வரிசையின் கோடியில் இருந்தவள் மறு கோடியில் இருந்தவனோடு, நடுவில் இருந்த யாருக்கும் தொந்தரவு இல்லாமல், சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஒரு வயதான பெண்மணி மேடை ஏறியதும் எல்லோரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை அசைத்தார்கள். அதுதான் கைதட்டல். மேடை ஓரத்தில் நின்ற எட்டுக்காலும் தன்னை அறியாமல் பாதிக் கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார்.

அந்தப் பெண்மணி பேச ஆரம்பித்தார். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் தன் கைகளைக் கட்டிப் போட்டு வாயால் பேசப் பழக்கியதைப் பற்றிச் சொன்னார். திரையில் எழுத்து ஓடியது. 'என் கைகளை நாற்காலியின்' என்று வந்து நின்றது. நின்றே இருந்தது. பிறகு நாலைந்து வரி ஒரே மூச்சில் கொட்டியது. மறுபடி நின்றது. இடது பக்கத்தில் போன்களை ஆட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரின் போனை எட்டிப் பார்த்தார். பெண்மணி இதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

திரைச்சீலைக்குப் பின்னால் மேசையில் முகவரியம்மா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு? காலையில நல்லாத்தானே இருந்தது?" என்றான் மச்சினன்.

"காலையில ஆள் இல்ல சார்."

"ஆள் வர்றதுக்குத்தான மாநாடு! உன் முகவரி தீந்துபோச்சா?"

"முகவரி வேண்டியமட்டும் கிடக்கு. இடது பக்கத்துப் பெட்டிங்க பாதிக்கு மேல எர்ரர் காட்டுது. ஏறிட்டே இருக்கு. கேபிள் எல்லாம் வந்து சேர்ற சுவிட்ச்சயும் மாத்திப் பாத்துட்டேன். கேபிளா இருக்குமோன்னு…"

"கேபிள் மாமா கட்டினது. ஒவ்வொண்ணும் டெஸ்ட் பண்ணினது. அதுல கை வைக்காத. நேத்து புதுசா என்னமோ செட்டிங் போட்டியே, அதான். அப்பவே சொன்னேன். கேட்டியா?"

அவள் எட்டுக்காலைப் பார்த்தாள். "டெஸ்டர்ல பாஸ்தானேண்ணே?"

"பாஸ்தான்" என்றார் அவர். அது உண்மைதான்.

மாநாட்டு அமைப்பாளர் வந்தார். அவருக்கும் காது கேட்காது. போனில் தட்டி மச்சினனிடம் நீட்டினார். 'எழுத்து நின்றால் எங்களில் பாதிப் பேர் அறைக்கு வெளியே நிற்பது போல.' மச்சினன் படித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். அமைப்பாளர் போனதும் முகவரியம்மா பக்கம் திரும்பினான். கத்தவில்லை.

"பழைய செட்டிங்கப் போட்டுட்டு நீ கெளம்பு. இனிமே வர வேண்டாம். நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விரல்கள் தட்டிக்கொண்டுதான் இருந்தன.

எட்டுக்காலுக்கு அப்போதுதான் நாலும் ஆறும் நினைவுக்கு வந்தன. நேற்று டெஸ்டரில் வரிசை தப்பிய எல்லாக் கேபிளிலும் தப்பியது அந்த இரண்டும்தான். நாலாவது இடம் நீலத்துக்கு. ஆறாவது பச்சைக்கு. ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் மாற்றியும் அடித்ததை டெஸ்டர் பிடித்தது. இரண்டு முனையிலும் மாற்றி அடித்திருந்தால்? இங்கே நாலில் நுழைந்தது அங்கே நாலில் வெளியே வரும். விளக்கு வரிசையாக எரியும். கம்பியின் நிறம் டெஸ்டருக்குத் தெரியாது. எது எதோடு முறுக்கிக் கிடக்கிறது என்பதும் தெரியாது. முறுக்கு இருப்பதே ஒரு ஜோடியின் பேச்சு அடுத்த ஜோடியின் காதில் விழாமல் இருக்கத்தான். ஜோடி மாறிப்போனால் ஒன்றின் பேச்சில் இன்னொன்று குறுக்கிடும். காலி மண்டபத்தில் அது தெரியாது. மண்டபம் நிறைந்து, எல்லாக் கம்பியும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கும்போது ஒன்றும் விளங்காது.

அரைகுறையாகத் தப்பு செய்தவற்றையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, முழுத் தப்பாகச் செய்தவற்றுக்கு டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

அவர் மேசையில் இருந்தவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. பிளக் அடிக்கும் கிரிம்பரை எடுத்துக்கொண்டு இடது பக்கச் சுவரோரமாக நடந்தார். போய் விரலிடுக்கில் பிடித்து ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். எழுத்து ஓட ஆரம்பித்துவிடும். செட்டிங்தான் காரணம் என்று மச்சினன் நினைத்துக்கொள்வான். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெண்ணைப் பிறகு சமாதானப்படுத்தித் திரும்பக் கூப்பிட வைக்கலாம். நடக்கும்போது இதெல்லாம் சரியாகத்தான் தோன்றியது.

முதல் பெட்டியிடம் போய்க் கேபிளைக் கழற்றினார். பிளக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உள்ளே எட்டுக் கம்பியும் தெரியும். நாலாவது நீலமாக இருந்தால் நல்ல கேபிள்; பச்சையாக இருந்தால் கெட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அடுத்த கேபிளைக் கழற்றிப் பார்த்தார். எல்லாப் பிளக்கிலும் நாலும் ஆறும் ஒரே சாம்பலாக இருந்தன. நல்லதும் கெட்டதும் கலந்து அந்தப் பக்கம் முழுக்க ஓடிக்கிடந்தன. எதை வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் வெட்டினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போனில் எழுத்து நின்றிருந்தது. என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். அவர் பிளக்கை அவளிடம் நீட்டி, நகத்தால் நாலாவது கம்பியைத் தொட்டுக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. தன் கண்ணைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு பிளக்கை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். தன் கழுத்து நாடாவை விரலால் பிடித்துக் காட்டினாள். அவர் கழுத்தில் கிடந்த நாடாவைத் தொட்டு, இது இல்லை என்று விரலை ஆட்டினாள்.

பச்சை.

அவர் தலையாட்டினார். அவள் பிளக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மற்றொரு கையை நீட்டினாள், அடுத்ததைக் கொடு என்று. அந்த முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை. வேலை இருக்கிறது, கொடு என்ற பாவம்தான். அதைப் பார்த்த பிறகு அவரால் சுவரோரமாகக் குனிந்து நிற்க முடியவில்லை. நெஞ்சில் கை வைத்து அவளிடம் தலை தாழ்த்திவிட்டு மேசைக்குத் திரும்பி நடந்தார். முகவரியம்மா தன் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, அந்தப் பொண்ண உக்காரச் சொல்லு. கேபிள்தான் தப்பு."

"எந்தக் கேபிள்?"

"நான் கட்டினது. பச்சையும் நீலமும் மாத்திப் போட்டிருக்கேன்."

"ஒண்ணு ரெண்டு மாறியிருக்கும். சொல்லுங்க, எதெதுன்னு, மாத்திடலாம்."

"எதெதுன்னு எனக்குத் தெரியல."

"நீங்க கட்டினது உங்களுக்குத் தெரியாதா?"

"கலர் தெரியல மாப்ளே. கொஞ்ச நாளாவே தெரியல."

மச்சினன் சிரித்தான். "வெளையாடறதுக்கு நேரம் பாத்தீங்களே மாமா." யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினான். தரையில் கிடந்த துண்டுக் கம்பி ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். "இது என்ன?"

அவர் அதைப் பார்க்கவில்லை. "நீயே சொல்லு."

மச்சினன் கம்பியை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கையை இறக்கினான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் அக்கா…" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. முகவரியம்மாவிடம், "பைய வை. டார்ச் எடுத்துட்டு மாமாகூடப் போ" என்றான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை, பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

தேநீர் இடைவேளையை முன்னால் கொண்டுவந்தார்கள். மண்டபம் காலியானதும் இருவரும் தரையில் ஊர்ந்தார்கள். அவள் டார்ச் அடித்துப் பார்த்து, "பச்சைண்ணே" என்பாள். அவர் வெட்டுவார். "நீலம்" என்பாள். விட்டுவிட்டு நகர்வார்கள். வெட்டிய முனையை அவர் விரலிடுக்கில் பிடித்துப் பிரித்தார். மறுமுனையை அவள் அடித்தாள். அவள் கை மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் கண்ணும் கையும் ஒன்றையே சொல்லின. ஒரு தடவை, "ஏண்ணே, டெஸ்டர் பாஸ்னு சொன்னீங்களே" என்று கேட்டாள்.

"பாஸ்தான் சொல்லுச்சு."

"அதுக்குக் கண்ணு இல்லையே" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்தது. வயதான பெண்மணி மறுபடி மேடை ஏறி, தன் கைகளைக் கட்டிப்போட்ட இடத்திலிருந்து தொடங்கினார். எழுத்து நிற்காமல் ஓடியது. அவர் பேசி முடித்தபோது மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்து அசைந்தன. எட்டுக்கால் அதைத் திரைச்சீலையின் இடைவெளி வழியாகப் பார்த்தார்.

மாநாடு இன்னும் சில நாள் நடந்தது. அவருக்கு மேசைக்கு அருகில் ஒரு நாற்காலி வந்தது. மெத்தை போட்ட நாற்காலி. "நீங்க உக்காருங்க மாமா" என்று மச்சினன் தன் கையாலேயே இழுத்துப் போட்டான். தேநீரைத் தானே கொண்டுவந்து கொடுத்தான். வெந்நீர் வேண்டுமா என்று கேட்டான். மற்றவர்கள் எட்டுக்கால் என்று கூப்பிட வாயெடுத்துவிட்டு அண்ணே என்று மாற்றிக்கொண்டார்கள். யாரும் அவரைச் சீண்டவில்லை. மரியாதை கூடக் கூட அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

கடைசி நாள் கேபிள் சுருட்டும்போது மட்டும் எழுந்து போனார். அதை யாரும் தடுக்கவில்லை. அதற்குக் கண் வேண்டாம். ஒரு வளையம் வெளிப்பக்கம், ஒரு வளையம் உள்பக்கம் என்று கை பாட்டுக்குச் சுருட்டியது. சுருட்டிய கேபிள்களில் தான் அடித்த முனைகளை விரலால் தடவிப் பார்த்துப் பெட்டியில் வைத்தார். அடுத்த மண்டபத்துக்கு இவற்றின் முனைகளையெல்லாம் வெட்டிவிட்டுப் புதிதாகத்தான் அடிப்பார்கள் என்று தெரியும். அவராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்.

மச்சினன் வேனில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டான். வழியில் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். வேலையைப் பற்றிப் பேசவில்லை. இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அவர்தான் கேட்டார்.

"அடுத்தது எப்போ மாப்ளே?"

"சொல்றேன் மாமா."

இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னதில்லை. விடிஞ்சதும் வந்து நிப்பேன், குளிக்காம கொள்ளாம கெளம்பி நிக்காதீங்க என்பான். இல்லாவிட்டால் தேதி, மண்டபம், எத்தனை நாற்காலி என்று மூச்சுவிடாமல் சொல்லுவான். சொல்றேன் என்பது வேலை கேட்டு வருகிற வெளியாட்களுக்கு அவன் சொல்லும் வார்த்தை.

"சரி" என்று கதவைச் சாத்தினார்.

மனைவி மெஷினை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் கழுவி வந்து எல்லாவற்றையும் சொன்னார். கேபிள், அந்தப் பெண் நாடாவைத் தொட்டுக் காட்டியது, தம்பி துண்டுக் கம்பியை நீட்டியது, நாற்காலி. கடைசியில் தெருமுனையில் அவன் சொன்னதையும் சொன்னார்.

அவள் போனை எடுத்தாள்.

"வேண்டாம். அவன் ஒண்ணும் தப்பாச் சொல்லல."

"சொல்றேன்னா என்ன அர்த்தம்? அக்கா புருஷன்கிட்ட சொல்ற வார்த்தையா அது?"

"வேற என்ன சொல்லுவான் பாவம்."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே மகள் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் மனைவி. "எப்படியாவது அவனே கண்டுபிடிச்சிருப்பான். இல்ல, கண்டுபிடிக்காமயே போயிருக்கும்."

"முகவரியம்மாவ வீட்டுக்கு அனுப்பியிருப்பான்."

"இப்ப உங்கள அனுப்பிட்டானே."

"என்னை அனுப்பலாம்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த போனை மெஷின் மேல் வைத்துவிட்டு, எழுந்து போய்த் தெருக்கதவைத் தாழிட்டு வந்தாள்.